விரல் நீளக் குளவி

வேலிக்கு அந்தப் பக்கம் விரல் நீளக் குளவிகள் பறப்பதைப் பார்த்து மிரண்ட அடுத்த வீட்டுக்காரி, பூச்சிமருந்து அடிப்பவரைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள். தோட்டத்துக்காரி வழியை மறித்தாள்.

“ஒண்ணு மேலயும் மருந்து படக்கூடாது!”

“கொட்டினா ஆளே காலி, அக்கா!”

“கொட்டட்டும். எந்தப் புத்தகத்துலயும் இல்லாத புது இனமாம். ஆராய்ச்சி பண்ற என் மருமக, மூணு மாசம் லென்ஸும் கையுமா உக்காந்து கண்டுபிடிச்சா. பேரும் அவளே வெச்சுட்டா.”

“என்ன பேரு?”

“என் பேரு.”

அடுத்த வீட்டுக்காரிக்கு வாயெல்லாம் பல்.

“கொட்டுற குளவிக்கு மாமியார் பேரா? வேணும்னே வெச்சிருக்கா, அக்கா!”

தோட்டத்துக்காரி இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள்.

“பின்ன, பட்டாம்பூச்சிக்கா வெப்பா? என் மருமகளுக்கு என்னைத் தெரியாதா!”