பதினோரு ஜோடி

"ரப்பர் செருப்பு மாட்டிக்கினு வந்து நிக்கிற பி.டி. சாரை நம்பிப் புள்ளைங்கள அனுப்பினா, டீம் எங்க சார் ஜெயிக்கும்?"

பூர்ணிமா கேட்டதும் மைதானத்துக் கயிற்றோரம் நின்ற நாலு பேர் சிரித்துவிட்டார்கள். ஆரோக்கியசாமி சார் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

அவளுக்கு ஆத்திரம் செருப்பின் மேல் இல்லை. இன்றைக்கும் முதல் பதினோரு பேரில் அவள் மகள் சங்கவி இல்லை.

போன ரெண்டு கால்பந்து ஆட்டமும் இதே கதைதான். முதல் பாதியில் பின்னால் நின்று தடுக்க ஷர்மிளா. எதிராளியால் ஒரு கோல்கூடப் போட முடியாது. இடைவேளைக்குப் பிறகு ஷர்மிளாவை உட்காரவைத்துவிட்டு, முன்னால் நின்று அடிக்க சங்கவி. அவள் ஒரு கோல் போடுவாள். காவலில்லாத பின்பக்கம் ரெண்டு வாங்கும். ரெண்டும் தோல்வி. இன்றும் தோற்றால் மாதனூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

"ரெண்டு பேரையும் ஒண்ணா எறக்கினா இன்னா சார்? உங்க வூட்ல வெறும் சோத்தைத் தின்னு முடிச்சு, கை கழுவப் போறப்பதான் கொழம்பு ஊத்துவாங்களா?"

"இல்லம்மா... கொஞ்சம் யோசிச்சுதான் போட்டிருக்கேன்."

"யோசிச்சது போதும் சார். யோசிச்சு யோசிச்சுதான் ரெண்டு ஆட்டம் போச்சு."

அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

முதல் பாதி முடியப் போகிற நேரம். பந்து கயிற்றைத் தாண்டி பூர்ணிமாவின் முன்னால் வந்து நின்றது. எடுக்க ஓடி வந்தாள் ஷர்மிளா. பூர்ணிமாவின் கண் அவள் முகத்துக்குப் போகவில்லை, காலுக்குத்தான் போனது. ஷூ கம்பெனியில் எட்டு வருஷமாகச் செக்கிங் மேஜை. பழக்கம் விடுமா?

வலது ஷூவில், சுண்டுவிரல் பக்கம், சிவப்பு நூலில் இரட்டைத் தையல்.

பூர்ணிமா போட்ட தையல்!

போன வாரம்தான், "புது ஷூவை இப்டியாடி கிழிப்ப?" என்று சங்கவியின் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாள். வளர்கிற கால் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கின ஷூ. "உன் காலைத் தவிர வேற எவ காலும் இதுக்குள்ள போகக் கூடாது" என்று சொல்லிக் கொடுத்த ஷூ.

பெரிய சைஸ் ஷூ சுண்டுவிரல் பக்கம் எப்படிக் கிழியும்? அன்றைக்கே ஏன் அது தனக்கு உறைக்கவில்லை?

இடைவேளை விட்டதும் நேரே போனாள். ஷர்மிளா கழற்றிக் கொடுக்கக் கொடுக்க, சங்கவி மாட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் ரெண்டு பேர் கையும் அப்படியே நின்றது.

"இன்னாடி இது?"

சங்கவி எழுந்து நின்றாள். "ஷூ இல்லாம எறங்கக் கூடாதுன்னு ரூல்மா. டீம்ல பன்னெண்டு பேரு. எப்படியோ பதினோரு ஜோடிதான் தேறுச்சு. ஷர்மிளா கால் பெருசு, என்னுதைத் தவிர எதுவும் அவளுக்குச் சேரல; ஒண்ணு நுழையல, இல்லன்னா கழண்டு ஓடுது. சார் என்னைத்தான் முழுசா ஆடச் சொன்னாரு. நான்தான் மாட்டேன்னேன். அவ இல்லன்னா மொத பாதியிலயே அஞ்சு வாங்குவோம்மா."

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"நீ திட்டுவேன்னு, சொல்லாதீங்கன்னு சார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன்."

பூர்ணிமா சார் பக்கம் திரும்பினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சார், இதுல எத்தினி தடவை ஆள மாத்தலாம்?"

"எத்தனை தடவை வேணாலும் மாத்தலாம்மா. வெளிய வந்தவங்களே திரும்பவும் எறங்கலாம்."

"அப்ப இவ ஒரு கோல் போட்டதும் வெளிய இழுத்துட்டு, ஷர்மிளாவைத் திரும்ப எறக்க வேண்டியதுதானே?"

"எனக்கும் தோணுச்சும்மா. கோல் போட்ட பொண்ணை வெளிய இழுத்தா, நீங்க என்னை உயிரோட வீட்டுக்கு அனுப்புவீங்களா?"

கயிற்றோரம் மறுபடியும் சிரித்தார்கள். இந்தத் தடவை பூர்ணிமாவும் சேர்ந்து சிரித்தாள்.

ரெண்டாம் பாதியில் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். சங்கவி உதைத்த பந்து வலையில் போய் விழுந்தது. கைதட்டல் அடங்குவதற்குள் ஒரு குரல்.

"சங்கவி! வெளிய வாடி!"

"இன்னாம்மா நீ, பெத்த பொண்ணை இப்டிப் பேஜார் பண்ற?" என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி. அதைக் கேட்கப் பூர்ணிமா அங்கே இல்லை. தரையில் முட்டி போட்டுவிட்டாள். மகள் காலிலிருந்து ஷூவை உருவி, ஷர்மிளாவின் காலில் மாட்டி, ஷூ லேஸை இழுத்துக் கட்டி, "ஓடு!" என்று முதுகில் தட்டி அனுப்பினாள். கம்பெனி லைனில்கூட அவள் கை அந்த வேகத்தில் போனதில்லை.

அதற்குப் பிறகு பின்பக்கம் ஒரு ஈ, காக்கை நுழையவில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம்!

ஆட்டம் முடிந்து வந்து ஷூவைக் கழற்றிய ஷர்மிளாவின் வெறுங்காலைப் பூர்ணிமா மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கையால் சாண் போட்டுப் பார்த்தாள்.

"ஏழாம் நம்பரு. அகலம் ஜாஸ்தி. அடுத்த ஆட்டத்துக்கு உனக்குத் தனி ஜோடி. அது என் பொறுப்பு."

பிறகு சாரிடம் வந்தாள்.

"மனசுல வச்சுக்காதீங்க சார். தெரியாம வாய் வுட்டுட்டேன். ஆனா அந்தச் செருப்பை மட்டும் மாத்திடுங்க. பி.டி. சாருக்கு அது நல்லாவா இருக்குது?"

சார் சிரித்தார்.

அப்போதுதான் அந்தக் கோடியிலிருந்து கோல் கீப்பர் பெண் தடக் தடக்கென்று ஓடி வந்தாள். கீழே உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். உள்ளே திணித்திருந்த பேப்பர் உருண்டைகளை உதறிவிட்டு, ஜோடியைச் சாரின் முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க சார், உங்க ஷூ."