தேய்ந்த கைப்பிடி

ஒஹையோவில் பழைய துப்பாக்கிச் சந்தை. வெர்னனின் மேசையில், பணி ஓய்வு பெற்ற போலீஸ் ரிவால்வர்கள் தூங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய சொந்தக்காரரைக் கற்பனை செய்து வைத்திருந்தார் அவர். தோல் உறையோடு கிடைத்த ஒன்றுக்கு, ஆறடி உயரமும் முரட்டு மீசையுமாக ஒருவர். எப்போதும் மூடுபனியில் ரோந்து போவார். அதை மட்டும் விற்க வெர்னனுக்கு மனம் வந்ததே இல்லை.

நரைத்த தலைப் பெண்மணி ஒருவர் அந்த உறையை எடுத்து முகர்ந்து, கண்களை மூடினார்.

"உங்க வீட்டுக்காரர் போலீஸா, மேடம்?"

"இல்ல தம்பி, அவர் பேக்கரி வச்சிருந்தார்."

"அருமையான துப்பாக்கி. எவனோ மடையன் கைப்பிடியை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக் கெடுத்துட்டான்."

"கெடுக்கலப்பா. வேலைல சேர்ந்தப்போ, ஆம்பளைங்க கைக்குச் செஞ்சதையே எனக்கும் குடுத்தாங்க. விரல் எட்டல. சமையல்கட்டுல உக்காந்து நான்தான் தேய்ச்சேன்."

பெண்மணி ரிவால்வரைப் பிடித்துக் காட்டினார். மெலிந்த மரம் அந்தச் சின்ன உள்ளங்கையில் அப்படியே அடங்கியது.

வெர்னன் அதை வாங்கி, உறையில் செருகி, அவர் பக்கமே நகர்த்தினார்.

மூடுபனிக்குள் அந்த ஆறடி மனிதர் தொப்பியைக் கழற்றி, வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.