செவலையின் நெஞ்சில் வெள்ளித் தடம்

செவலையின் நெஞ்சில், கழுத்துக்குக் கீழே, வெள்ளி வெள்ளியாக விரல் தடம். வெடிமருந்துக் கையைக் கழுவாமல் யாரோ ஆசை தீரத் தடவிக் கொடுத்திருக்கிறார்கள். நாய் அது பாட்டுக்கு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

விஸ்வநத்தத்தில் அந்தப் பட்டாசுக் கம்பெனியின் போர்மேன் சுந்தரபாண்டிக்கு நாய் என்றாலே ஆகாது. நாயைத் தொடுகிற ஆள் அதைவிட ஆகாது. வலக்கை மோதிர விரலை ஏதோ ஒரு சீசனில் வெடிக்குக் கொடுத்துவிட்டு, கல் மோதிரத்தை ஆள்காட்டி விரலுக்கு மாற்றிக்கொண்டவர். அந்தக் கல் மின்ன மின்ன நீட்டித்தான் எல்லோரையும் மிரட்டுவார். குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். இவர் இரண்டையும் செய்வார் என்பது சுப்புத்தாயின் கணிப்பு.

சில்வர் பவுடர் அறையில் வேலை சுப்புத்தாய்க்கு. கலவையை விரலால் தேய்த்துப் பார்க்கிற சாக்கில் போர்மேன் தினமும் அங்கே வந்து நொட்டை சொல்லிவிட்டுப் போவார். தடம் வெள்ளி என்றதும் எல்லோர் கண்ணும் அவள் மேலேயே விழுந்தது.

வாசலில் செல்போனைக் கொடுத்துவிட்டு முதலாளி உள்ளே வந்தார். போர்மேன் ஓடினார்.

"மருந்தோட இந்த நாயி டீக்கடை அடுப்புப் பக்கம் போயிருந்தா என்னாயிருக்கும் மொதலாளி? தொட்டது யாரா இருந்தாலும் இன்னைக்கே கணக்க முடிச்சு அனுப்பிருங்க."

முதலாளி சரி என்று தலையாட்டினார். சுப்புத்தாய் முன்னால் வந்தாள். தீபாவளிக்கு முன்னால் வேலை போனால் மகள் வேல்விழியின் நர்சிங் படிப்பு அதோடு நின்றுவிடும்.

தான் தொடவே இல்லை என்று இருக்கன்குடி மாரியாத்தா மேல் சத்தியம் செய்தாள். போர்மேன் உதட்டைப் பிதுக்கினார்.

"பொய்யைப் பாரு. தலையில தட்டுனா அது மூஞ்சியத் திருப்பிக்கிடும். நெஞ்சுல மெதுவா, மேலருந்து கீழ நீவுனாத்தான் கண்ணச் சொருகிக்கிட்டுச் சாயும். அம்புட்டும் தெரிஞ்சுல்லா தடவியிருக்கா."

சுப்புத்தாய் நிமிர்ந்தாள். செவலைக்கு எப்போதாவது வடைத் துண்டு வீசியதோடு சரி. இந்தப் பக்குவமெல்லாம் அவளுக்கே இப்போதுதான் தெரிகிறது. இந்த மனுசருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

நேரே மரத்தடிக்குப் போய்க் குத்தவைத்தாள். முதலாளி பார்க்க, வலக்கையை விரித்துத் தடத்தின் மேல் வைத்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டு வெள்ளிக் கோடுகளில் பொருந்தின. சுண்டுவிரல் கடைசிக் கோட்டில் உட்கார்ந்தது. இடையில் ஒரு விரல் மட்டும் கோடு எதுவும் இல்லாத வெறும் ரோமத்தில் கிடந்தது.

கையை எடுக்காமலே போர்மேனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு மோதிர வெரல் இருக்கு அண்ணாச்சி."