ஒரு சொட்டும் வடியவில்லை

"மனுசன் எண்டு எழுதியிருக்கு. உள்ளுக்க ஆர், அண்ணை?"

விடத்தல்தீவு வீதியோரத்தில், நண்டு வாங்கும் வாடிக் கொட்டிலின் வாசலில் நின்று ஜெனுஷா கேட்டாள். எஞ்சின் சூடேறி நின்றுவிட்ட வானிலிருந்து, வெள்ளை ரெஜிபோம் நுரைப்பெட்டியொன்றை இரு கைகளாலும் அணைத்தபடி இறங்கினான் அனோஜன்.

"ஆரும் இல்லை, தங்கச்சி. மனிதப் புரதம். மனுசன்ர மரபணுவைப் பூச்சிக் கலத்துக்குள்ள வைச்சுச் செய்தது. இறுக்கிச் சுத்தின டிஎன்ஏயைத் தளர்த்திவிடும். ஆய்வுக்கு மட்டும்."

"வலையில சிக்கெடுக்கிற ஆள் மாதிரியோ?"

"ஓம்... அப்பிடித்தான்."

அந்தச் சிறு குப்பிக்காக அவன் ஏழு மாதங்கள் காத்திருந்தான். யாழ்ப்பாண ஆய்வுகூடத்தின் பிறீசரை அடையுமுன் அது இளகினால், அவனுடைய ஆய்வேடும் அதனோடு போய்விடும்.

"ஐஸ் காணுமோ? எங்கட லொறி யாழ்ப்பாணம்தான் போகுது, அதில..."

"மீன் ஐஸ் சரிவராது. இது உலர் ஐஸ், தண்ணியாகாது, புகையாத்தான் போகும். மூடியைத் தொடாதேங்கோ!"

மூடியில் ஒட்டியிருந்த பேராசிரியரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அவள் ஒருமுறை பார்த்தாள். அப்பால், ஏற்றுமதி லொறியின் திறந்த கதவினூடே உலர் ஐஸின் வெண்புகை கசிந்துகொண்டிருந்தது.

பெட்டியை வாடி நிழலில் வைத்து, தன் தொலைபேசியை அங்கேயே சார்ஜில் போட்டுவிட்டு, சாரதியோடு மெக்கானிக்கைத் தேடிப் போனான் அனோஜன். ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பியபோது லொறி புறப்பட்டுவிட்டிருந்தது. பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது.

"அண்ணை, அந்தப் பெட்டி..."

"தெரியும், தெரியும்." ஒற்றைக் கையால் தூக்கி, அதன் அடியைத் தடவிக் காட்டினான். "பாருங்கோ, ஒரு சொட்டும் வடியேல்ல. இதுதான் விஞ்ஞானம்."

"சொல்ல விடுங்கோவன்!"

"உங்களுக்கு இது விளங்காது, தங்கச்சி."

"சரி. அப்ப வடிவாக் காவல் இருங்கோ." அவள் நண்டுகளின் கால்களைக் கட்டப் போய்விட்டாள்.

பெட்டியை மடியில் வைத்து, மட்டைத்துண்டொன்றால் விசிறியபடியே அவன் இருந்தான். வெயில் உச்சிக்கு ஏறியது. மெக்கானிக் ஒருவழியாக வானை உறுமவைத்தபோது, தொலைபேசியும் அலறியது. பேராசிரியர்.

"சேர், ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. புரதம் என்ர மடியில பத்திரமா இருக்கு!"



"நண்டு லொறியில வந்த புரதக் குப்பியை நான் பிறீசரில வைச்சிட்டன், நீர் மடியில என்னத்தை வைச்சிருக்கிறீர்?"