பின் சீட்டுச் சத்தம்

மெக்கானிக் பாட்சா ஏசியை அணைத்தார். பாட்டை நிறுத்தினார். நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டார்.

சாரல் உள்ளே அடித்தது. பக்கத்து சீட்டில் மருமகன் ஃபைஸ், சட்டை நனைகிறதே என்று முகத்தைச் சுளித்தான். வண்டியில் சத்தம் வருகிறது என்று கூப்பிட்டுவிட்டு, சட்டையைப் பார்த்தால் ஆகுமா?

பின் சீட்டில் மகள் மெஹ்னாஸ். சத்தம் அவளுக்குத்தான் கேட்டதாம். பின் சீட்டில் உட்கார்ந்தால்தான் கேட்குமாம், அதுவும் ரோடு ஈரமாக இருந்தால்தானாம். முன் சீட்டு எப்போதும் மாமியாருக்கு என்பதால், வேறு யாருக்கும் அது கேட்க வழியில்லை.

நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. பின்பக்கம் ஏதாவது போனால் செலவு பழுத்துவிடும் என்று எவனோ சொல்லி, ஃபைஸைப் பயமுறுத்தியிருந்தான். இல்லாவிட்டால் அவனாவது, மாமனாருக்குப் போன் போடுவதாவது. பெருநாளுக்குக்கூடக் கூப்பிடாதவன்.

இன்றைக்கும் வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. சானடோரியம் ரயில் ஸ்டேஷன் வாசலிலேயே ஏற்றிக்கொண்டு, ஓட்டிப் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டான்.

பாட்சா அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. கிளம்பும்போது மனைவி ஜஹானாரா ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்: புள்ளையை ரெண்டு நாளாவது கூட்டிக்கொண்டு வர வேண்டும். போனில் பேசினால் பக்கத்திலேயே மாமியார். நல்லா இருக்கேன்மா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை. குரலே சரியில்லை என்று ஜஹானாரா சரியாகத் தூங்குவதில்லை.

முதலில் வண்டி, அப்புறம் பேச்சு என்று பாட்சா முடிவு செய்திருந்தார். மனசு குளிர்ந்திருக்கிற நேரம் பார்த்துக் கேட்டால், மாப்பிள்ளை மாட்டேன் என்றா சொல்லிவிடுவான்?

சிட்லபாக்கம் ஏரிக்கரையை ஒட்டி, வடிகாலுக்காகத் தோண்டிப் போட்ட தெரு ஒன்று சேறும் சகதியுமாகக் கிடந்தது. வழுக்கலுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பாட்சா வண்டியை அதில் இறக்கினார்.

ஸ்டியரிங்கை முழுக்க இடது பக்கம் ஒடித்து ஒரு சுற்று. வலது பக்கம் ஒரு சுற்று. வேண்டுமென்றே ஆக்சிலரேட்டரை மிதித்தார், முன் சக்கரம் வெறுமனே சுழன்றது, பின் சக்கரம் பிடித்துத் தள்ளியது. பிரேக்கை ஓங்கி அழுத்தியபோது காலுக்கடியில் குர்ரென்றது. வழுக்கலில் பிரேக் விட்டு விட்டுப் பிடிக்கிற சத்தம் அது, வரத்தான் வேண்டும். மற்றபடி பேரிங் உறுமவில்லை, ஜாயின்ட் தட்டவில்லை.

"இப்ப கேட்டுச்சு பாருங்க அத்தா," என்றாள் மெஹ்னாஸ்.

பாட்சா தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒன்றும் இல்லை.

"பின்னாடி கழட்டித்தான் பாக்கணும்ல? நம்ம ஷெட்டுல ரெண்டு நாள் நிக்கணும்ல அத்தா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொழிச்சலூர் ஷெட்டுக்கு ஆட்கள் தேடி வருவதே, பாட்சா பாய் இல்லாத கோளாறைச் சொல்ல மாட்டார் என்பதற்காகத்தான். மாப்பிள்ளைக்கும் அது தெரியட்டும். அந்த நினைப்பில்தான் மனிதர் கெட்டார்.

"கழட்டுறதாவது! வண்டி சும்மா கின்னுன்னு கீது மாப்ள. கோளாறு உங்க வூட்டம்மா காதுலதான்," என்று ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

ஃபைஸும் சிரித்தான். திரும்பி மெஹ்னாஸை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கண்ணாடிகளை ஏற்றச் சொன்னான்.

பின் சீட்டில் மெஹ்னாஸ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கி, சாவியைக் கொடுக்கும்போது பாட்சா மெதுவாகக் கேட்டார். ரெண்டே நாள், அவள் அம்மா பார்க்க வேண்டும் என்கிறாள் என்று இழுத்தார்.

"அதான் வண்டியில ஒண்ணும் இல்லன்னு நீங்களே சொல்லிட்டீங்களே மாமா. அப்புறம் எதுக்கு அங்க வரணும்?"

குரலில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஃபைஸ் ஏறி உட்கார்ந்தான்.

பாட்சாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணத்துக்கு அப்புறம் மெஹ்னாஸ் பிறந்த வீட்டுக்கு வந்ததெல்லாம், இந்த வண்டி ஷெட்டுக்கு வந்த நாட்களில்தான். ஆயில் மாற்றி முடிக்கிற வரைக்கும் அம்மா மடியில் படுத்திருப்பாள். வண்டி கிளம்பினால் அவளும் எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிடுவாள். வண்டி இரண்டு நாள் நின்றால்?

ஷெட்டிலேயே வளர்ந்த பெண். இல்லாத சத்தத்தை அவளைவிடப் பொருத்தமாக யாரால் உண்டாக்கியிருக்க முடியும்? அதைத்தான் பெற்ற தகப்பனே, அவள் காதில் கோளாறு என்று சொல்லிச் சிரித்திருக்கிறான். பாட்சாவுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

முன் சீட்டு காலியாகத்தான் இருந்தது. மெஹ்னாஸ் பின்னாலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

ஃபைஸ் கதவைச் சாத்தப் போனான். பாட்சா அதை எட்டிப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத் தொழிலில் முதல் தடவையாக இல்லாத கோளாறைச் சொன்னார்.

"மாப்ள, இருங்க. இப்ப கேட்டுச்சு, எனக்கே நல்லா கேட்டுச்சு. பின்னாடிதான் கீது. ஷெட்டுக்கு எடுத்துகினு வந்துடுங்க, ரெண்டு பேருமா..."

"நான் இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல மாமா," என்றான் ஃபைஸ்.

அவர் கையை எடுக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, கதவைச் சாத்தினான்.