தலை நின்ற பிள்ளை

தலை நின்றது.

அவள் கையை மெல்ல எடுத்துவிட்டுப் பார்த்தாள். மடியில் உட்கார்ந்திருந்த மகன் தலையைத் தானாகவே பிடித்திருந்தான். கழுத்து நடுங்கியது. ஆனாலும் நின்றது.

அவள் புருஷன் சுடலைமணி போனில் படம் எடுத்தான். அவனுக்கும் கண் நிறைந்துவிட்டது.

மண்டைக்குள் நீர் கோத்துப் பிறந்த பிள்ளை. தலை பெருத்துக் கனத்து, சாய்ந்த பக்கமே கிடக்கும். பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள், தலை நின்னுட்டா? ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

போன வாரம்தான் இதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். மண்டையிலிருந்து வயிறு வரை, தோலுக்கு அடியில் மெல்லிய குழாய் ஒன்று. தலையின் நீர் அதன் வழியே இறங்கிவிடும். விம்மிக்கொண்டிருந்த உச்சிக்குழி அமுங்கியது. அதைத் தொட்டுத் தொட்டுச் சந்தோஷப்பட்டாள்.

நர்ஸ் சொல்லித்தான் இருந்தாள். படுக்கவே போட வேண்டும். தூக்கி உட்காரவைத்தால் நீர் மளமளவென்று இறங்கிவிடும்.

இறங்கத்தானே ஆபரேஷன்? அவள் அப்படித்தான் நினைத்தாள்.

நர்ஸ் தலை மறைந்ததும் தூக்கினாள். மறுபடியும் தூக்கினாள். அந்தத் தலை நிற்பதைப் பார்க்க அவளுக்கு ஆசை தீரவில்லை.

மறுநாள் காலை உச்சி குழிந்து கிடந்தது. ஊரில் செய்வதுபோல் அதில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் வைத்தாள். வைத்துவிட்டுத் தூக்கினாள்.

மத்தியானம் பிள்ளைக்கு வலிப்பு வந்தது.

ஸ்கேனில் மண்டைக்குள் ரத்தம். நீர் வேகமாக இறங்கினால் இப்படி ஆகுமாம். பிள்ளையை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள்.

வராந்தாத் தரையில் உட்கார்ந்தாள். டாக்டரிடம் பேசிவிட்டு வந்த சுடலைமணி பக்கத்தில் குந்தினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"தூக்குனியளான்னு டாக்டர் கேட்டாவ. படுக்கப் போட்டுத்தான் வச்சிருந்தோம்னு சொல்லிட்டேன். நீ வாயத் தொறந்துராத."

நல்ல மனுஷன். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னான். அதற்குப் பதில் தன்னை நாலு அறை அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"அதுக்கு என்ன சொன்னாவ?"

"படுத்திருந்தும் இப்படின்னா குழாய் இவனுக்குச் சேரலயாம். ரத்தத்த எடுக்கயில அதையும் எடுத்துருவாவளாம்."

குழாய் போனால் நீர் மறுபடி சேரும். தலை மறுபடி பெருக்கும். அது அவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எழுந்தாள். அவன் அவள் முந்தியைப் பிடித்தான். பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

தியேட்டர் கதவு சாத்தியிருந்தது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. வெளிப்பக்கம் கைப்பிடி இல்லை.

உள்ளங்கையால் அடித்தாள்.

"நான்தான் தூக்குனேன்! குழாய் மேல குத்தமில்ல, எடுத்துராதீய! நான்தான் தூக்குனேன்!"

வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுடலைமணி தலையைக் கவிழ்த்துக்கொண்டான். கதவு அசையவில்லை.

அந்தக் கோடியிலிருந்து வாட்ச்மேன் எழுந்து வந்தார். அவள் கையை மெதுவாகக் கதவிலிருந்து எடுத்துவிட்டார்.

"சத்தம் போடாதம்மா. உள்ள ஆபரேஷன் நடக்கு."