ஆறு கறுப்பு

ராஜசிங் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி பார்சல் ஆபீஸ் கவுண்டரின் மேல் வைத்தார். யாரையோ கிழிக்கப் போகிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். அவரிடம் வேதியியல் படித்த எவனைக் கேட்டாலும் சொல்வான்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் பெனாசிர் என்கிற பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். பெயிண்டைப் பற்றி அவளுக்கு ஒரு இழவும் தெரியாது என்பது சாருக்கு முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"ஏம்மா, தினம் எத்தனை லாரி பட்டாசு லோடு இந்த வாசலைத் தாண்டிப் போகுது. என் பதினாலு மில்லி பெயிண்ட் டப்பாதான் சிவகாசியைக் கொளுத்திரப் போகுதாக்கும்?"

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். சார் திரும்பி முறைத்தார். காலண்டர் பார்சல் போட வந்த ஆட்களோடு சேர்ந்து சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

சார் ரயில் இன்ஜின் மாடல் செய்கிறவர். ஒரு சாண் நீளத்தில் ஒரு நீராவி இன்ஜின், சக்கரம் முதல் விசில் வரை முடிந்து வீட்டு மேசையில் நிற்கிறது. மதுரையில் கண்காட்சிக்கு இன்னும் பத்து நாள். பெயிண்ட் அடிப்பது ஒன்றுதான் பாக்கி.

அடிக்க வேண்டியது கறுப்பு. கறுப்பில் ஆறு கறுப்பு உண்டு. கொதிகலனுக்கு ஒன்று, புகைபோக்கிக்கு ஒன்று, கரி படிந்த இடத்துக்கு ஒன்று என்று தனித்தனி. இதை இந்த ஊரில் யாரிடம் சொல்ல? பெயிண்ட் கடை பீர் முகைதீன், இரும்பு கேட்டுக்கு அடிக்கிற கறுப்பை எடுத்து நீட்டினார். அன்றோடு சார் அந்தக் கடைப் பக்கம் போவதை விட்டார். அச்சகத்துக்காரர் ஒருவர் காலண்டர் மை தருகிறேன் என்றார். சார் அங்கிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

மும்பையில் ஒரு கடை அந்த ஆறையும் வைத்திருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் போனில் ஆர்டர் சொன்னார். எரியக்கூடிய பொருள், விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று அங்கேயே நிறுத்திவிட்டார்கள். அப்படியானால் லாரியில் போடு என்றார். அது சிவகாசி வரை வந்து திரும்பிப் போனது. மறுபடி அனுப்பச் சொன்னார். இதுவும் திரும்பப் போகிறது என்று இன்று காலையில் கடைக்காரரிடமிருந்து போன். சிவகாசி பின்கோடைப் பார்த்தாலே நடுங்குகிற கோழைப் பயல்கள், வேறென்ன.

தண்ணீரில் கரைகிற பெயிண்ட் கிடைக்கிறதாமே, அதை எதிலும் ஏற்றுவார்களாமே என்று மனைவி பாக்கியவதி ஒருநாள் மெதுவாகக் கேட்டாள். சார் சிரித்தேவிட்டார். அதெல்லாம் பால்வாடிப் பிள்ளைகளுக்கு. பெயிண்ட் என்றால் வாடை வர வேண்டும்.

அந்த வாடைதான் தனக்கு மூச்சு இழுப்பைக் கொண்டுவருகிறது என்று அவள் முன்பு சொல்லிப் பார்த்ததுண்டு. முப்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள். ஊசி போடுகிறவள் எனக்குக் கெமிஸ்ட்ரி நடத்துகிறாளாக்கும் என்றார் சார். பேச்சு அதோடு முடிந்தது. கடைசியில் என்ன ஆயிற்று? டாக்டரிடம் சண்டை போட்டு மாத்திரையை மாற்ற வைத்தது அவர். மூன்று மாதமாக அவளுக்கு இழுப்பே இல்லை. நெபுலைசர் மிஷின் அலமாரியில் தூங்குகிறது. இதைச் சார் சர்ச்சில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெனாசிர் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"நாங்க திருப்பல, சார். ரெண்டு பார்சலும் உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்திருக்கு. வீட்லதான் வேண்டாம்னு ஓடிபி சொல்லியிருக்காக."

கொடுத்திருந்த நம்பர் பாக்கியவதியுடையது. நாள் முழுக்க மெசேஜ் பார்த்துத் திரிகிற கூட்டத்தைச் சாருக்குக் கண்டாலே ஆகாது. அவரிடம் இருப்பது பட்டன் போன். எதற்கும் அவள் நம்பரைத்தான் கொடுப்பார்.

சார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். திருப்பியதற்கான காரணம் என்ற இடத்தில், டெலிவரிக்காரர் பாக்கியவதி சொன்னதை அப்படியே அடித்திருந்தார்.

எரியக்கூடிய பொருள். இந்த வீட்டுக்குள் அனுமதி இல்லை.

இரண்டு தடவையும் அதே வரி. விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்றவர்கள் சொன்னதாகச் சார் வீட்டில் மூன்று மாதமாகத் திட்டிக்கொண்டிருந்த அதே வார்த்தை.

பெனாசிர் பின்னாலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தாள். பார்சல் இன்னும் கிளம்பவில்லை, ஒரு கையெழுத்துப் போட்டால் இப்போதே கொண்டுபோகலாம் என்றாள்.

பெரிய சோப்பு டப்பா அளவுதான் இருந்தது. ஆறு கறுப்பும் அதற்குள் இருந்தன. சார் கையில் எடுத்தார்.

கடைசியாகப் பெயிண்ட் அடித்த வாரம் பாக்கியவதி மூச்சு முட்டிப் படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியது ஞாபகம் வந்தது. அவள் இருமுகிற சத்தம் கைவேலையைக் கெடுக்கிறது என்று அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டாவது கோட் அடித்திருந்தார். இப்போது வெட்கமாக இருந்தது. பெனாசிரின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

பெட்டியைக் கவுண்டரில் வைத்து அவள் பக்கமே தள்ளினார்.

"இதெல்லாம் நான் தூக்கிட்டு அலைய முடியாது. வீட்டுக்கே கொண்டாந்து குடுங்க."

ஓடிபிக்கு உங்கள் நம்பரைப் போடட்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம், அதே நம்பர் இருக்கட்டும் என்றார்.

அப்புறம் வரிசையில் நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார்.

"இதையும் திருப்பித்தான் அனுப்பப் போறீக. கூறுகெட்ட கம்பெனி."